தெரிந்தவர்கள் நடுவே ஓர் ஆலோசகரைத் தேடி: குமரி மாவட்டத்து நிகழ்வு ஆய்வு

இதில் வரும் டீச்சரிடம் எழுத்தில் அனுமதி வாங்கித்தான் எழுதுகிறேன். ஊர், பள்ளி, குடும்பம் பற்றிய விவரங்கள் சிலவற்றை மாற்றியிருக்கிறேன். எழுதியதை அவரே வாசித்துப் பார்த்தார். "இதை வச்சே கண்டுபிடிச்சிருவாங்க" என்று சில இடங்களைக் காட்டினார்; அவற்றை எடுத்துவிட்டேன். நான் மனநலத் துறையில் வேலை பார்க்கும் சமூகப் பணியாளர். சிகிச்சை கொடுத்தது நான் இல்லை. ஆள் தேடும்போது கூட இருந்தேன், அவ்வளவுதான். அதனால் சிகிச்சையை விடத் தேடலைப் பற்றித்தான் இதில் அதிகம் வரும்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குமரி மாவட்டத்தில் "நம்மை யாரென்றே தெரியாத ஆலோசகர்" வேண்டும் என்று காத்திருந்தால் நோய்தான் முற்றும், ஆள் கிடைக்க மாட்டார். ஏதோ ஒரு வழியில் நம்மைத் தெரிந்தவராகத்தான் இருப்பார். அந்தத் தெரிந்த உறவை அவர் எப்படிக் கையாளுவார் என்று முதல் பேச்சிலேயே கேட்டு முடிவு செய்ய வேண்டும். டீச்சருக்கு வழி திறந்தது அப்படித்தான்.

டீச்சரும் அவருடைய படபடப்பும்

வயது 41. விளவங்கோடு தாலுகாவில், குழித்துறை தாண்டி வீடு. கத்தோலிக்கக் குடும்பம். திருச்சபை நிர்வாகத்தில் உள்ள பள்ளியில் கணக்கு எடுக்கிறார். கணவர் கத்தாரில். வீட்டில் மாமியார், பிளஸ் டூ படிக்கும் மகள், எட்டாம் வகுப்பு மகன். பின்பக்கம் கொஞ்சம் ரப்பர் உண்டு. ஆள் வைத்துப் பால் வெட்டுவதும், ஷீட் அடிப்பதும், விற்பதும் மாமியார் பொறுப்பு.

விடைத்தாள் திருத்தும் முகாம் முடிந்து நாகர்கோவிலிலிருந்து களியக்காவிளை பஸ்ஸில் வந்துகொண்டிருந்தார். மார்த்தாண்டம் மேம்பாலத்தின் மேல் வண்டிகள் நின்றுவிட்டன. முன்னாலும் பின்னாலும் நகர வழியில்லை. திடீரென்று நெஞ்சு அடித்துக்கொண்டது, உள்ளங்கை வியர்த்தது, விரல்கள் மரத்தன, மூச்சு பாதியில் நின்றது போல் இருந்தது. "இந்தப் பாலத்து மேலயே செத்துப் போகப் போறேன்" என்று தோன்றியதாம். பாலம் இறங்கியதும் பஸ்ஸை நிறுத்தச் சொல்லி, ஆட்டோ பிடித்து மருத்துவமனைக்குப் போனார். இ.சி.ஜி. சரியாக இருந்தது. வாயுத் தொல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

அப்புறம் அது கோயிலில் வந்தது, தேர்வு அறையில் கண்காணிப்பாளராக நின்றபோது வந்தது, ஒரு நாள் காரணமே இல்லாமல் வீட்டுத் திண்ணையில் வந்தது. தைராய்டு, ஹீமோகுளோபின், சர்க்கரை எல்லாம் பார்த்தாயிற்று, எதிலும் குறையில்லை. இந்தப் பரிசோதனைகளை வீண் செலவு என்று நினைக்கக் கூடாது. தைராய்டு கூடினாலும் ரத்தம் குறைந்தாலும் இதே படபடப்பு வரும், அதை விலக்கிப் பார்த்தே ஆக வேண்டும்.

இதைப் பீதித் தாக்கம் என்கிறார்கள். வந்தால் சுமார் பத்து நிமிடத்தில் உச்சிக்குப் போகும், பிறகு தானாக இறங்கும். அந்தத் தாக்கத்தால் ஆள் சாவதில்லை. ஆனால் அடுத்தது எப்போது வருமோ என்ற பயம் வாழ்க்கையைச் சுருட்டிவிடும். டீச்சர் பாலத்து மேல் போகும் பஸ்ஸில் ஏறுவதை நிறுத்தினார். பூசைக்குப் போனால் வாசலோரம் உட்கார்ந்தார். பிறகு வாசலுக்கு வெளியே நின்றார். கல்யாண மண்டபம் என்றால் பின்வரிசை. தேர்வுப் பணிக்கு மருத்துவச் சான்றிதழ் கொடுத்துத் தப்பினார். ஒவ்வொன்றையும் தவிர்க்கும்போது அன்றைக்கு நிம்மதி கிடைக்கும், மறுநாள் பயம் ஒரு படி கூடும். மகளின் பிளஸ் டூ, கணவர் வேலை பார்க்கும் கம்பெனியில் ஆள் குறைப்பு, கட்டி முடியாத மாடி, அதற்கு வாங்கிய நகைக்கடன் என்று தூக்கம் கெட ஏற்கெனவே காரணங்கள் இருந்தன.

பொது மருத்துவர் கடைசியில், "கவுன்சிலிங் போய்ப் பாருங்க டீச்சர்" என்றார். எங்கே, யாரிடம், எவ்வளவு செலவாகும் என்று எதுவும் சொல்லவில்லை. பெயரும் இடமும் இல்லாத இந்த அறிவுரையைக் கையில் வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் அலைகிறவர்களை நான் நிறையப் பார்க்கிறேன். பரிந்துரைப்பவர் ஒரு பெயரும் ஒரு தொலைபேசி எண்ணும் சேர்த்துத் தந்தால் அதுவே பாதி சிகிச்சை.

18 லட்சம் பேர் இருந்தும் சின்ன ஊர்

2011 கணக்கெடுப்பில் குமரி மாவட்டத்தின் மக்கள்தொகை 18.7 லட்சம். எழுத்தறிவு 91.75 சதவீதம், தமிழ்நாட்டிலேயே முதலிடம். ஓர் ஊர் எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று தெரியாத அளவுக்கு வீடுகள் நெருக்கம். இதைச் சின்ன ஊர் என்று சொல்லலாமா என்று வெளியூர்க்காரர் கேட்கலாம்.

ஆனால் ஒருவர் வாழ்வது 18 லட்சம் பேருக்கு நடுவில் இல்லை. டீச்சரின் உலகம் அவருடைய அன்பியம் (பக்கத்து வீட்டுக் குடும்பங்கள் சேர்ந்த ஜெபக் குழு), பங்கு (ஒரு கோயிலுக்கு உட்பட்ட சபை), பள்ளி நிர்வாகம், சீட்டு, கணவர் வீட்டுச் சொந்தம், பிறந்த வீட்டுச் சொந்தம். அன்பியக் கூட்டம் வீடு வீடாக நடக்கும். ஒரு வாரம் ஒருவர் வராவிட்டால் ஏன் வரவில்லை என்று விசாரிக்க ஆள் வரும். புதிதாக ஒருவரைப் பார்த்தால் எந்த ஊர், எந்தப் பங்கு, யார் வீடு என்று கேட்பார்கள். அதற்குள் ஏதாவது ஒரு உறவு பிடிபட்டுவிடும். பங்கு என்பதை சி.எஸ்.ஐ. சபை என்று மாற்றிக்கொள்ளுங்கள், ஜமாஅத் என்றோ சமுதாயக் கமிட்டி என்றோ மாற்றிக்கொள்ளுங்கள், கதை ஒன்றுதான். ஆபத்தில் ஓடி வருவதும் இதே ஆட்கள்தான். ஒக்கி புயல் அடித்த 2017இல் கடற்கரை ஊர்கள் தாக்குப்பிடித்ததற்குப் பெருங்காரணம் இந்தப் பிணைப்பு. அதனால் இதைக் குறையாகச் சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் மனநல மருத்துவமனை வாசலில் நிற்கும் ஸ்கூட்டர் யாருடையது என்பதும் இதே ஆட்களுக்குத்தான் தெரியும்.

இன்னொரு நிழலும் உண்டு. 1956 நவம்பர் 1 வரை இந்த மண் திருவிதாங்கூரோடு இருந்தது. திருவனந்தபுரத்து ஊளம்பாறை மனநல மருத்துவமனையின் பெயரைச் சொல்லித் திட்டும் வழக்கம் இன்னும் போகவில்லை. டீச்சர் என்னிடம் முதலில் கேட்டதே, "மகளுக்கு நாளைக்கு மாப்பிள்ளை பார்க்கும்போது இது வருமா?" என்பதுதான். நோய் என்ன, சரியாகுமா என்பதெல்லாம் பிறகுதான் வந்தது.

யாரிடம் போவது

மிக அருகில் இருந்தவர் கணவரின் சித்தப்பா மகள். உளவியலில் எம்.எஸ்சி. முடித்தவர், நல்ல மனசு. "மைனி, வேற யார்கிட்டயும் போக வேண்டாம், எங்கிட்ட சொல்லுங்க" என்றார். டீச்சருக்கு ஆசைதான். ஆனால் மனதில் உள்ளவற்றில் பாதி கணவரைப் பற்றியும் மாமியாரைப் பற்றியும். சொன்னால் அந்தப் பெண் அடுத்த ஞாயிறு அதே மாமியார் கையால் மீன்கறி சாப்பிடுவார். சொந்தக்காரருக்குச் சிகிச்சை கொடுப்பதைத் தவிர்க்க வேண்டும் என்பது உளவியல் நெறிமுறைகளில் பொதுவாக உள்ளது. மறுத்தால் மனத்தாங்கல் வருமே என்று டீச்சர் தயங்கினார். கடைசியில், "உன்னை எனக்கு நாத்தனாராவே வேணும்" என்று சொல்லி முடித்தார். அந்த வாக்கியம் அவருடையதே. அதை இப்போது மற்றவர்களுக்கும் சொல்லிக் கொடுக்கிறேன்.

அடுத்துப் போனது பக்கத்து டவுனில் ஓர் ஆலோசனை மையம். பெரிய போர்டு, சுவரில் சட்டமிட்ட சான்றிதழ்கள். பேச்சு ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில் அந்த ஆலோசகர், "பயப்படாதீங்க, உங்க பள்ளிக்கூடத்துல இருந்தே ஒரு டீச்சர் எங்கிட்ட வந்தாங்க. பேர் சொல்ல மாட்டேன். புருஷன் குடி. இப்ப நல்லா இருக்காங்க" என்றாராம். ஆறுதலுக்காகத்தான் சொல்லியிருப்பார். ஆனால் டீச்சருக்கு அது யார் என்று அந்த நிமிடமே தெரிந்துவிட்டது. அந்தப் பள்ளியில் கணவர் குடிக்கிற டீச்சர் ஒருவர்தான். மீதி நேரம் முழுக்கத் தன்னைப் பற்றி எதுவும் சொல்லாமல் மாணவர்களின் குறும்பைப் பற்றிப் பேசிவிட்டுப் பணத்தைக் கொடுத்து வந்துவிட்டார்.

பெயரைச் சொல்லாவிட்டால் ரகசியம் காக்கப்பட்டுவிட்டது என்று பெருநகரத்தில் நினைக்கலாம். இங்கே பெயர் தேவையே இல்லை. பள்ளியும் ஒரு குடும்ப விவரமும் போதும். அடுத்தவர் கதையை உங்களுக்கு ஆறுதலாகச் சொல்கிறவர், உங்கள் கதையை இன்னொருவருக்கு ஆறுதலாகச் சொல்வார். அங்கிருந்து எழுந்து வந்துவிடலாம், காரணம் சொல்ல வேண்டியதில்லை.

சான்றிதழ்கள் பற்றியும் இங்கே சொல்லிவிட வேண்டும், இதில் குழப்பம் அதிகம். மனநல மருத்துவர் என்பவர் எம்.பி.பி.எஸ். முடித்து மனநலத்தில் மேற்படிப்பு படித்தவர். மருந்து எழுதுபவர் அவர்தான். மருத்துவ உளவியலாளர் என்பவர் பெரும்பாலும் மருத்துவ உளவியலில் எம்.ஃபில். முடித்து, இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவு செய்தவர். அந்தப் பதிவு எண்ணைக் கேட்கலாம், குழுமத்தின் இணையதளத்தில் பெயரைப் போட்டுப் பார்க்கலாம். ஆனால் "கவுன்சிலர்" என்று போர்டு மாட்ட இப்படி ஒரே கட்டாயப் பதிவு நடைமுறையில் இல்லை. சில வார வகுப்பு முடித்தவரும் மாட்டலாம், பல வருடம் ஆழமாகப் படித்தவரும் மாட்டலாம். பதிவு இல்லாத எல்லோரும் மோசம் என்று சொல்ல வரவில்லை; கைராசியான ஆலோசகர்கள் நம் மாவட்டத்தில் இருக்கிறார்கள். ஆனால் என்ன படித்தீர்கள், எங்கே பயிற்சி, உங்கள் வேலையை மேற்பார்வை பார்ப்பவர் யார் என்று கேட்கும்போது முகம் சுளிக்கிறவரிடம் மனதைத் திறக்க வேண்டாம்.

பங்குத்தந்தையிடம் டீச்சர் ஒப்புரவில் (பாவசங்கீர்த்தனத்தில்) சொல்லியிருந்தார். அவர், "ஜெபம் நான் பண்றேன் மகளே, டாக்டரை நீ பாரு" என்றார். ஒரு சிஸ்டரின் (கன்னியாஸ்திரியின்) பெயரும் கொடுத்தார். ஆலோசனையில் முறையாகப் பயிற்சி பெற்றவர், மாவட்டத்தில் பலருக்கும் உதவியவர். டீச்சர் போனில் தன்னை அறிமுகம் செய்துகொண்டதும் சிஸ்டர் முதலில் கேட்டது எந்தப் பள்ளி என்று. சொன்னதும், "அப்ப நான் உங்களைப் பார்க்கக் கூடாது டீச்சர். அந்த மேனேஜ்மென்ட் கமிட்டியில நான் இருக்கேன். உங்க இடமாறுதல் காகிதம் நாளைக்கு என் மேசைக்கு வரலாம்" என்றார். கூடவே, நாகர்கோவிலில் உள்ள ஒரு மருத்துவ உளவியலாளரின் எண்ணைக் கொடுத்து, "அவங்ககிட்ட நான் எதுவும் சொல்ல மாட்டேன், நீங்களே கூப்பிடுங்க" என்றார். இந்தத் தேடலில் நான் மிகவும் மதிக்கும் செயல் இதுதான். டீச்சருக்கு அன்று ஏமாற்றம். எனக்கோ, மறுக்கத் தெரிந்த ஒருவரிடமிருந்து வரும் பரிந்துரை என்பதால் அந்த எண் மேல் நம்பிக்கை வந்தது.

திருவனந்தபுரம் பற்றியும் பேசினோம். பெரிய நோய்க்கெல்லாம் இங்கிருந்து அங்கே போவது பழக்கம்தான். ஆனால் ஒவ்வொரு முறையும் ஒரு நாள் விடுப்பு வேண்டும், மலையாளம் புரிந்தாலும் அழுகை வருமிடத்தில் பேச்சு தமிழில்தான் வரும், ரயிலில் தாக்கம் வந்தால் என்ன செய்வது என்ற பயம் வேறு. விட்டுவிட்டோம்.

கூட்டத்துக்குள் ஒரு மறைவு

உளவியலாளரைக் கூப்பிடும் முன் மனநல மருத்துவர் ஒருவர் பார்த்துவிடட்டும் என்று ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகச் சொன்னேன். டீச்சர் தயங்கினார். முன்னாள் மாணவிகள் யாராவது நர்சாக இருப்பார்கள், "டீச்சர், நீங்க எங்க இங்க?" என்று கேட்பார்கள் என்று.

தனியார் மனநல மருத்துவமனை வாசலில் நின்றால் காரணம் ஒன்றுதான் என்று எல்லோருக்கும் தெரியும். பெரிய அரசு மருத்துவமனையில் அப்படியில்லை. கண், எலும்பு, சர்க்கரை எல்லாம் ஒரே வளாகம், ஒரே நுழைவாயில், ஒரே சீட்டு வரிசை. அன்றைக்கும் ஒரு முன்னாள் மாணவி பார்த்தாள். "செக்கப் மக்ளே" என்றார் டீச்சர். அவளும் சரி டீச்சர் என்று போய்விட்டாள்.

இதேபோல, மாவட்ட மனநலத் திட்டத்தின் குழு தாலுகா மருத்துவமனைகளுக்குக் குறிப்பிட்ட நாட்களில் வரும். சொந்தத் தாலுகாவில் போக மனம் இல்லாதவர் இன்னொரு தாலுகாவுக்குப் போகலாம், தடை எதுவும் இல்லை. எந்த நாள், எந்த மருத்துவமனை என்பதை அரசு மருத்துவமனையில் கேட்டால் சொல்வார்கள்.

மருத்துவர் பொறுமையாகக் கேட்டு, பதற்றத்தைக் குறைக்கும் எஸ்சிட்டலோபிராம் மாத்திரையைக் குறைந்த அளவில் எழுதினார். பலன் தெரிய 2 முதல் 4 வாரம் ஆகும், முதல் சில நாள் குமட்டலும் பதற்றமும் கூடலாம், தானாக நிறுத்தக் கூடாது, பேச்சுச் சிகிச்சையும் சேர்ந்து நடக்க வேண்டும் என்றார். மாத்திரை மருத்துவமனையிலேயே இலவசம். இதில் பணத்தை விடப் பெரிய லாபம் ஒன்று இருந்தது. ஊர் மெடிக்கல் ஸ்டோரில் அந்தச் சீட்டை நீட்ட வேண்டியதில்லை. கடைக்காரர் அதே பங்கு. ரகசியம் கசியும் இடங்களைக் கணக்கெடுத்தால் ஆலோசகரை விட மருந்துக்கடையும் ஆட்டோ ஸ்டாண்டும் முன்னால் நிற்கும். தேடுகிறவர்கள் இதை யோசிப்பதில்லை.

இடையில் ஓர் இரவு ஒரு மணிக்குத் தாக்கம் வந்தபோது 14416 என்ற எண்ணை அழைத்தார். 2022 அக்டோபர் 10ஆம் தேதி தொடங்கிய டெலி மானஸ் சேவை அது. 24 மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம். தமிழ்நாட்டில் "நட்புடன் உங்களோடு" என்ற பெயரில் நடக்கிறது. எதிர்முனையில் இருந்தவர் மூச்சை மெதுவாக வெளியே விடச் சொல்லி, அது இறங்கும்வரை கூடவே பேசிக்கொண்டிருந்தாராம். தொடர் சிகிச்சைக்கு அது மாற்று ஆகாது. ஆனால் யார் மகள், எந்தப் பங்கு என்று கேட்காத ஒரு குரல் அந்த நேரத்தில் வேண்டியிருந்தது.

முதல் போன்

சிஸ்டர் கொடுத்த எண்ணை டீச்சர் ஸ்பீக்கரில் போட்டார், நான் பக்கத்தில் இருந்தேன். நான் இருப்பதை உளவியலாளரிடம் சொல்லிவிட்டுத்தான் பேச்சே ஆரம்பித்தது. டீச்சர் ஊர்ப் பெயரைச் சொன்னார். அந்தப் பக்கம் ஒரு நொடி மௌனம். பிறகு உளவியலாளர் பேசியதை முடிந்தவரை அப்படியே தருகிறேன்.

"ஒரு விஷயம் முதல்லயே சொல்லிடணும். எங்க அம்மா வீடு உங்களுக்குப் பக்கத்துப் பங்கு. திருவிழாவுக்கோ கல்யாணத்துக்கோ நாம நேருக்கு நேர் பார்க்க வாய்ப்பு இருக்கு. பார்த்தா நான் முதல்ல பேச மாட்டேன், சிரிக்கவும் மாட்டேன். அதைத் தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க வந்து பேசினா சாதாரணமாப் பேசுவேன். எப்படித் தெரியும்ணு யாராவது கேட்டா, பதில் உங்களோடது, நான் சொல்ல மாட்டேன். உங்களுக்கு இது சங்கடம்னா வேற ரெண்டு பேர் நம்பர் தர்றேன், இப்பவே. யோசிச்சுச் சொல்லுங்க."

டீச்சர் போனைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு தாளில் எழுதி வைத்திருந்த கேள்விகளைக் கேட்டார். நாங்கள் முன்பே சேர்ந்து தயார் செய்தவை. குறிப்புகளை எங்கே வைக்கிறீர்கள், யார் பார்ப்பார்கள் என்று கேட்டார். பூட்டிய அலமாரியில் வைப்பதாகவும், அட்டையில் பெயர் இல்லாமல் எண் மட்டும் இருக்கும் என்றும், வரவேற்பில் இருக்கும் பெண்ணுக்கு நேரம் மட்டுமே தெரியும் என்றும் பதில் வந்தது. என் கணவர் கூப்பிட்டுக் கேட்டால்? "நீங்க வர்றீங்களாண்ணுகூடச் சொல்ல மாட்டேன்." யாரிடமும் சொல்லவே மாட்டீர்களா? அதற்கு உளவியலாளர் சும்மா உறுதி கொடுக்கவில்லை. உயிருக்கு ஆபத்து என்றாலோ, இன்னொருவருக்குத் தீங்கு நேரும் என்றாலோ, நீதிமன்றம் கேட்டாலோ, குழந்தை மீதான பாலியல் கொடுமை தெரியவந்தாலோ சொல்ல வேண்டிய கடமை இருக்கிறது என்றார். பரிந்துரைத்த சிஸ்டருக்கு நன்றிகூடச் சொல்ல மாட்டேன், சொன்னால் நீங்கள் வந்தது தெரிந்துவிடும் என்றார்.

மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, 2018 மே 29 முதல் நடைமுறையில் உள்ளது. சிகிச்சை பெறுபவரின் விவரம் ரகசியமாகக் காக்கப்படுவது அவருடைய உரிமை என்று அதன் 23ஆம் பிரிவு சொல்கிறது. விதிவிலக்குகளையும் அதுவே வரையறுக்கிறது. "எதையும் யாரிடமும் சொல்லவே மாட்டேன்" என்று சத்தியம் செய்பவரை விட, எப்போது சொல்ல வேண்டிவரும் என்று வரம்பைச் சொல்பவரைத்தான் நான் நம்புவேன்.

இரண்டு நாள் கழித்து டீச்சர் சொன்ன காரணம் எளிமையானது: "நான் பயந்ததை அவங்களே முதல்ல சொல்லிட்டாங்க."

ரப்பர் ஷெட்டில் சிகிச்சை

மாதம் ஒரு முறை நாகர்கோவிலில் நேரில், மற்ற வாரங்களில் வீடியோ அழைப்பில் என்று ஏற்பாடு. வீட்டுக்குள் பேச இடமில்லை. மாமியாரின் அறைக்கும் டீச்சரின் அறைக்கும் நடுவே பலகைத் தடுப்புதான். யோசித்துப் பார்த்ததில் பின்பக்கத்து ஷீட் அடிக்கும் ஷெட்தான் கிடைத்தது. சனிக்கிழமை பிற்பகலில் அங்கே வேலை இருக்காது. பால் ஊற்றும் அலுமினிய ட்ரே ஒன்றைக் கவிழ்த்து அதன்மேல் போனைச் சாய்த்து வைத்து, மெஷினின் உருளைக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்துகொள்வார். ஆசிட் சேர்ந்த ரப்பர் பாலின் புளித்த வாடை. கொடியில் தொங்கும் ஷீட்டுகள் சத்தத்தைக் கொஞ்சம் விழுங்கிவிடும். நெட்வொர்க் கதவோரம் மட்டும்தான் எடுக்கும். கணவருக்கு விஷயம் தெரியும். "ஆருக்கும் தெரியாமப் பாரு" என்று முதலில் சொன்னவர், பின்னால் அந்த நேரத்தில் தன் அம்மாவைப் போனில் கூப்பிட்டுப் பேச்சில் பிடித்துவைத்திருக்க ஆரம்பித்தார். கத்தாரிலிருந்து அவர் செய்ய முடிந்த உதவி அது.

சிகிச்சையில் பயப்படும் உணர்வையே வேண்டுமென்று வரவழைக்கும் பயிற்சி உண்டு. ஸ்ட்ரா வழியாக மூச்சு விடுவது, படிக்கட்டில் வேகமாக ஏறுவது, நின்ற இடத்தில் ஒரு நிமிடம் சுற்றுவது. தலை சுற்றும், நெஞ்சு அடிக்கும், ஆனால் ஆள் விழுவதில்லை. இதை உடம்பு தானே கற்றுக்கொள்ள வேண்டும். பயம் எவ்வளவு என்று நூறுக்கு மதிப்பெண் போட்டு நோட்டில் எழுதுவார். கணக்கு டீச்சர் ஆயிற்றே, அதை வரைபடமாகவே போட்டிருந்தார்.

ஒரு சனிக்கிழமை அவர் ஷெட்டுக்குள் சுற்றிக்கொண்டிருந்தபோது மாமியார் எட்டிப் பார்த்துவிட்டார். "மக்ளே, என்னத்துக்குக் கெடந்து சுத்துற?" டீச்சர் மழுப்பவில்லை. நெஞ்சுப் படபடப்புக்கு டாக்டர் சொன்ன பயிற்சி என்று சொல்லிவிட்டார். "அப்ப சுத்து. ஷீட்டுல தட்டாத" என்று சொல்லிவிட்டு மாமியார் போனார்.

பாலத்துக்குப் படிப்படியாகப் போனார்கள். முதலில் பாலத்துக்குக் கீழே நடந்தார். பிறகு கணவரின் தம்பியோடு ஸ்கூட்டரில் மேலே. பிறகு ஆட்டோவில் தனியாக. பிறகு கூட்டமில்லாத நேரத்தில் பஸ். தாக்கம் வந்தால் இறங்கக் கூடாது, அது வந்து போகும்வரை உட்கார்ந்தே இருக்க வேண்டும் என்பதுதான் பாடம். ஒருமுறை இறங்கிவிட்டார். மறுவாரம் இரண்டு படி கீழே போய் மறுபடி தொடங்கினார்கள்.

கல்யாண வீடு

எதிர்பார்த்தது நடந்தது. திங்கள்சந்தைப் பக்கம் ஒரு கல்யாணத்தில், பந்தியில் எதிர்வரிசையில் உளவியலாளர் தன் அம்மாவோடு உட்கார்ந்திருந்தார். சொன்னபடியே, கண் டீச்சர் மேல் பட்டும் நிற்காமல் கடந்துபோனது. அவருடைய அம்மாவோ டீச்சரின் மாமியாரைத் தெரிந்துகொண்டு, பந்தி முடிந்து பேச வந்துவிட்டார். இரண்டு கிழவிகளும் யார் வீடு, எவர் வீடு என்று உறவு பிடித்துக்கொண்டிருக்க, பக்கத்தில் இந்த இருவரும். "என் மக, நாகர்கோவில்ல இருக்கா" என்று அறிமுகம். "வணக்கம்" என்றார் உளவியலாளர், புதியவரிடம் சொல்வது போல. டீச்சரும் வணக்கம் சொன்னார். அவ்வளவுதான்.

டீச்சருக்கு அன்று தாக்கம் வரவில்லை. ஆனால் அடுத்த அமர்வில் அரை மணி நேரம் அதைப் பற்றியே பேசினார்கள். நடித்தது போல் இருந்ததா, வலித்ததா, அடுத்த முறை வேறு விதமாக நடந்துகொள்ள வேண்டுமா என்று உளவியலாளரே கேட்டார். வெளியே சந்திக்க நேர்வது இங்கே தவிர்க்க முடியாதது. அதை மறுபடி அறைக்குள் கொண்டுவந்து பேசுகிறாரா என்பதை வைத்துத்தான் நல்ல ஆலோசகரை அடையாளம் காண்கிறேன். பேசாமல் விட்டால், அந்தச் சந்திப்பு இருவருக்கும் நடுவே கிடந்து உறுத்தும்.

மாமியார் ரகசியத்தைக் காக்கவில்லை. தன் தங்கையிடம் சொல்லிவிட்டார். அந்தத் தங்கையின் மருமகள் சில நாளில் டீச்சரைத் தனியாக அழைத்து, தனக்கும் பிள்ளை பெற்றதிலிருந்து தூக்கமில்லை, அழுகையாக வருகிறது, யாரைப் பார்க்கிறீர்கள் என்று கேட்டாள். மகளின் கல்யாணப் பேச்சுக்கு இடைஞ்சல் வரும் என்று பயந்த விஷயம் இப்படித்தான் திரும்பி வந்தது. அந்தப் பெண்ணை உளவியலாளர் எடுத்துக்கொள்ளவில்லை. ஒரே குடும்பத்தில் இருவரை, ஒருவர் கதையில் மற்றவர் வரும்போது, தனித்தனியாகப் பார்க்க முடியாது என்று வேறொருவரின் எண்ணைக் கொடுத்தார். பிரசவத்துக்குப் பிறகு வரும் மனச்சோர்வாக இருக்கலாம் என்பதால் தாமதிக்க வேண்டாம் என்று நானும் ஆசாரிப்பள்ளத்துக்கு அனுப்பினேன். பால் கொடுக்கும் தாய் என்பதை முதலிலேயே மருத்துவரிடம் சொல்லச் சொன்னேன்.

இப்போதைய நிலை

டீச்சர் பாலத்து மேல் பஸ்ஸில்தான் பள்ளிக்குப் போய் வருகிறார். பூசையில் நடுவரிசையில் உட்காருகிறார். எப்போதாவது படபடப்பு வரும். நோட்டில் எழுதுகிறார், நாற்பதைத் தாண்டுவதில்லை. மாத்திரையை மருத்துவர் சொன்னபடி கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து வருகிறார். உளவியலாளரைப் பார்ப்பது இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஆகிவிட்டது. ஒவ்வொரு அமர்வுக்கும் 800 ரூபாய் கட்டணம் இன்னமும் பாரமாகத்தான் இருக்கிறது. நகைக்கடன் தீரவில்லை, கத்தார் கம்பெனி நிலைமையும் தெளியவில்லை. அவற்றை எந்த ஆலோசகரும் தீர்க்க முடியாது என்று டீச்சருக்கும் தெரியும்.

மகளுக்குக் கோவையில் கல்லூரி கிடைத்திருக்கிறது. கொண்டு சேர்க்க நாகர்கோவிலிலிருந்து ரயிலில் போக வேண்டும். பாலத்தைப் போல நடுவில் இறங்க முடியாத பயணம், அதுவும் பல மணி நேரம். முன்பதிவு செய்துவிட்டார். போகும் முன் ஒரு அமர்வும், திரும்பியதும் ஒன்றும் குறித்திருக்கிறார்கள்.